ராக்கெட்டில் இரண்டாம் வேற்றுமை

“ராக்கெட் விட்டு இருபத்தேழு வருஷமான மனுஷனை மூன்று ஞாயிறாகக் குடை மடிக்க வைக்கிறீர்கள், மிஸ்.”

கிளமென்ஸி மிஸ் டீயைக் குடித்து முடித்தார். பிறகு அதையே சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார்.

“ராக்கெட் விட்டு இருபத்தேழு வருஷமான மனுஷனை மூன்று ஞாயிறாகக் குடை மடிக்க வைக்கிறேன். சரி. ராக்கெட் விட்டா, ராக்கெட்டை விட்டா?”

“ரெண்டும் ஒன்றுதானே.”

“எட்டாம் வகுப்பில் இப்படி எழுதினால் முட்டை போடுவேன், சார்.”

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளம் தாண்டி ஒரு வெட்டவெளி. மாதிரி ராக்கெட் விடுகிறவர்கள் ஞாயிறு காலையில் அங்கே கூடுவார்கள். கற்றுக்கொடுப்பவர் கிளமென்ஸி. மற்ற நாளில் கான்வென்ட்டில் தமிழ் எடுப்பவர். வயது நாற்பத்தொன்று. நரைத்த தலைகளும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும்.

குடை என்று அவர்கள் சொல்வது பாராசூட்டை.

முறைத்துக்கொண்டு நின்ற மாணவர் ஹென்றி மோத்தாவுக்கு ஐம்பத்திரண்டு. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு ராக்கெட். அட்டைக்குழல், பால்சா மர இறக்கை, சிவப்பு மூக்கு. இருபத்தைந்து வயதில் அவரே செய்தது. ஒரே ஒரு முறை பறந்தது.

“இன்றைக்கு இதை விட்டே ஆகவேண்டும், மிஸ். ஒரு கீறல் கிடையாது. வாராவாரம் தூசி தட்டுவேன்.”

“மூக்கைக் கழற்றுங்கள்.”

“பெயின்ட் பெயர்ந்துவிடும்.”

மிஸ் கையை நீட்டியபடியே இருந்தார்.

ஹென்றி கழற்றினார். மூக்கையும் குழலையும் சேர்த்துப் பிடிக்கிற எலாஸ்டிக், முறுக்குத் தூள் மாதிரி உதிர்ந்தது. குடை வந்தது. மடித்த மடிப்பிலேயே ஒட்டி, ஒரே கட்டியாக வந்தது.

“விட்டிருந்தால்?” என்றார் மிஸ்.

“கல் மாதிரி விழுந்திருக்கும்.”

மிஸ் பைக்குள் துழாவி ஒரு சுருளை எடுத்தார்.

“பாவாடை எலாஸ்டிக். போதும்.”

கூடவே, மூன்று ஞாயிறாக ஹென்றி பவுடர் போட்டு மடித்த குடையும் வந்தது.

ஹென்றி மணலில் உட்கார்ந்து கட்டினார். யாரும் உதவவில்லை. அவரும் கேட்கவில்லை.

ராக்கெட்டைக் கம்பியில் நிறுத்தினார். எல்லோரும் தள்ளி நின்றார்கள். பொத்தான் ஹென்றி கையில்.

அழுத்தவில்லை.

“காற்று கொஞ்சம் அதிகம்.”

“இல்லை.”

“முள்ளுக்காட்டுப் பக்கம் போய்விட்டால்?”

“போகும்.”

“மிஸ், என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.”

“அந்தக் காலத்தில் எதற்காக ராக்கெட் விடுவதை நிறுத்தினீர்கள்?”

“நிறுத்தவே இல்லை. ஒரு ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு மாமனார் வீடு.”

“அதற்கடுத்த ஞாயிறு?”

ஹென்றி யோசித்தார்.

“கண்ணாடி அலமாரி வாங்கினோம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

“விடுங்கள், சார்.”

“விடச் சொல்கிறீர்களா, விட்டுவிடச் சொல்கிறீர்களா?”

“ஐந்து,” என்றார் மிஸ். “நான்கு. மூன்று.”

மிஸ் வாயில் இரண்டு வருவதற்குள் ஹென்றி அழுத்திவிட்டார்.

சீறிக்கொண்டு போயிற்று. வெள்ளைப் புகை ஒரு கோடு. உச்சியில் பட்டென்று ஒரு சின்னச் சத்தம். மூக்கு பிரிந்தது. குடை விரிந்தது.

விரிந்த குடை நேராக முள்ளுக்காட்டுக்குப் போயிற்று.

ஹென்றி ஓடினார். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு அவர் அப்படி ஓடியதை அவர் மனைவி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் வேறொருவருடைய ராக்கெட் கம்பியில் ஏறிவிட்டது. மிஸ் எண்ணத் தொடங்கிவிட்டார்.

ஹென்றி திரும்பி வந்தார். முழங்கையில் ரத்தக் கீறல், சட்டையில் இரண்டு கிழிசல். ராக்கெட்டில் ஓர் இறக்கை இல்லை. சிவப்பு மூக்கில் பாதி பெயின்ட் இல்லை. முறிந்த இறக்கையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் குடையை உதறி, மடிப்புப் பார்த்து மடித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த ராக்கெட் கிளம்பியது. எல்லோர் கழுத்தும் மேலே நிமிர்ந்தது.

ஹென்றி இறக்கையை வாயிலிருந்து எடுத்தார்.

“பசை யாரிடமாவது இருக்கிறதா? அடுத்த சுற்றுக்குள் ஒட்டிவிடுவேன்.”