மழைக்குக் காத்திருந்த பாதி மீசை

செங்கோட்டைக்கு மேற்கே, மலை ஏறுவதற்குச் சற்று முன்னால், சாத்தான்பொத்தை என்று ஒரு ஊர். மூளையைச் செலவு செய்ய அங்கே யாருக்கும் மனசு வராது. அதனால் எல்லாரிடமும் அது புத்தம் புதுசாகவே இருந்தது. அந்த ஊரில் மூன்று இளவட்டங்கள் சேர்ந்து ஒரு படம் எடுக்கக் கிளம்பினார்கள். அதுவும் மலையாளப் படம். மூவரில் ஒருவனுக்கும் மலையாளம் தெரியாது என்பதை அவர்கள் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

“தமிழ்ப் படம்னா சண்டை வேணும், பாட்டு வேணும், கார் பறக்கணும்,” என்றான் டைரக்டர் குத்தாலிங்கம். “மலையாளப் படத்துல ஆளு சும்மா நின்னாப் போதும்ல. மத்ததை மழை பாத்துக்கிடும்.”

கேமரா பூதத்தான் கையில். கொச்சியில் ஒரு படப்பிடிப்பில் பகல் முழுக்கக் குடை பிடித்த அனுபவம் அவனுக்கு உண்டு. ஆகவே சினிமா விஷயத்தில் அவன் தும்மினாலும் மற்ற இருவரும் காது கொடுத்துக் கேட்பார்கள். கதாநாயகன் இசக்கிராஜ். ஊரிலேயே பெரிய மீசை அவனுடையதுதான்.

கதை சோகக் கதை. அப்பா செத்துப்போகிறார். வெளியூரிலிருந்து மகன் ஓடி வருகிறான், கதறுகிறான், முற்றத்து மழையில் உட்கார்ந்து சடங்குக்காக மீசையை எடுக்கிறான். அவ்வளவுதான். பிணமாகப் படுக்க இசக்கிராஜின் சொந்த அப்பா முத்தையாவையே பிடித்தார்கள். வேறு யார் படுத்தாலும் இசக்கிராஜுக்குச் சிரிப்பு வந்தது.

வசனம் டீக்கடை குட்டப்பன் உபயம். ஊரில் இருக்கிற ஒரே மலையாளி அவர்தான்.

“அவரு வாயில இருந்து என்ன வருதோ, ஒண்ணு விடாம அப்படியே மனப்பாடம் பண்ணிரு,” என்று குத்தாலிங்கம் உத்தரவு போட்டான்.

இசக்கிராஜ் கடை வாசலில் நின்று அப்படியே செய்தான். கேமரா ஓடியதும் அப்பாவைக் கட்டிக்கொண்டு நெஞ்சு வெடிக்க அழுதான்:

“அச்சா, ஞான் வந்நு! ஐயோ, பால் திளச்சு போயி!”

அப்பா, நான் வந்துவிட்டேன். ஐயோ, பால் பொங்கிப் போச்சு என்று அர்த்தம். சொல்லிக்கொடுத்த நேரத்தில் குட்டப்பன் அடுப்பைக் கவனிக்கவில்லை, பாவம்.

“அந்த ரெண்டாவது வரிதாம்ல ஆளை உலுக்குது,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் பூதத்தான்.

பிறகு மீசைக் காட்சி. நல்ல சாரல். நாவிதர் வேலாண்டி வலப்பக்கத்து மீசையை வழித்து முடித்து, இடப்பக்கம் கத்தியைக் கொண்டுபோனார். மழை நின்றுவிட்டது.

“யாரும் எதையும் தொடாதீங்க!” என்று கத்தினான் பூதத்தான். “ஒரு சீன் பாதியில நின்னா, திரும்பத் தொடங்கையில எல்லாம் விட்ட எடத்துல விட்டபடியே இருக்கணும். கொச்சியில இதைக் கன்டினியூட்டிம்பாங்க. இது தப்புனா படம் காலி.”

“ஓஸ் பைப்புல தண்ணி அடிச்சா என்னல?” என்று கேட்டான் இசக்கிராஜ்.

குத்தாலிங்கம் வானத்தையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தான். “மழை மேக்க இருந்து வந்துச்சு. பைப்பு கெழக்க இருக்கு. பாக்கவன் கண்டுபிடிச்சிருவான்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மழை வருகிற வழியாக இல்லை. இசக்கிராஜ் பாதி மீசையோடு திரிந்தான். முத்தையா மூக்கில் பஞ்சோடும் நெற்றியில் ஒட்டிய காசோடும் ரேஷன் கடைக்குப் போய் வந்தார்.

இங்கேதான் வினை வந்தது. வெள்ளிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தென்மலையில் இசக்கிராஜ் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண்ணின் பெயர் பிரசீதா; வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம் என்கிற அளவுக்குப் போயிருந்தான்.

“மச்சான், இந்த மூஞ்சியோட போனா வெரட்டிருவாங்கல. மீதியையும் எடுத்துருதேனே,” என்று குத்தாலிங்கத்திடம் கெஞ்சினான்.

“எடுத்துட்டா, மழை வரும்போது எதை வழிக்கது?”

“அப்ப ஒரு நாளைக்கு மட்டும் ஒட்டு மீசை வெச்சுக்கிடுதேன்.”

“பிச்சு எடுக்கையில நெச மீசையும் கூட வந்துட்டா?” என்றான் பூதத்தான்.

கடைசியில் குத்தாலிங்கமே வழி சொன்னான்: “பொண்ணு வீட்டுல இடப்பக்கத்தை மட்டும் காட்டிக்கிட்டு உக்காரு.”

போனார்கள். இசக்கிராஜ் சுவரைப் பார்த்து ஒருக்களித்து உட்கார்ந்தான். கொடுத்த பழம்பொரியை, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜியை, ஒரு கடி கடித்து மீதியை அருகில் வைத்தான். யார் என்ன கேட்டாலும் சுவரிடமே பதில் சொன்னான். பெண்ணின் அப்பா சிவதாசன் எழுந்துபோய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். மீசை இல்லை. அவர் முகம் வாடியது.

“மன்னிக்கணும் தம்பி, எனக்குத் தெரியாது. அப்பா எப்ப தவறினாங்க?”

“நான்தான் அப்பா,” என்றார் மூலையில் இருந்த முத்தையா, பஞ்சு அடைத்த மூக்கால். “சொகமாத்தான் இருக்கேன்.”

சிவதாசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பச்சைச் சேலையில் காபித் தட்டோடு வந்த பிரசீதா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டாள். குத்தாலிங்கம் எழுந்து நின்று மழை, மீசை, கன்டினியூட்டி எல்லாவற்றையும் விளக்கினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, “ஒரு வசனம் பேசச் சொல்லுங்க, கேப்போம்,” என்றாள்.

இசக்கிராஜ் முத்தையாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். “அச்சா, ஞான் வந்நு! ஐயோ, பால் திளச்சு போயி!”

உள்ளே இருந்த பெண்ணின் அம்மா அடுப்படிக்குப் பாய்ந்து ஓடினாள்.

“பாத்தீங்களா, நடிப்புன்னா இது,” என்றான் குத்தாலிங்கம்.

பிரசீதாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் தட்டில் பாதிக் காபி கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா, படம் எடுக்கேன் படம் எடுக்கேன்னு பேசுறவங்க நெறையப் பேரைப் பாத்திருக்கேன். அதுக்காகப் பாதி மீசையோட பொண்ணு பாக்க வந்தவரை இப்பத்தான் பாக்கேன். எனக்குச் சம்மதம்.”

ஊர் திரும்பியபோது இசக்கிராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து மேற்கே இருந்து மழை கொட்டத் தொடங்கியது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான் பூதத்தான். முத்தையா போய்ப் படுத்தார். வேலாண்டி கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

“ஆக்சன்!” என்றான் குத்தாலிங்கம்.

இசக்கிராஜ் வேலாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். “தொடாதீரும். பொண்ணு பாக்கது சீன்ல பாதிதான. தாலி கட்டுனாத்தான முழு சீனு? அவ சம்மதிச்சது இந்த மூஞ்சிக்கு. எல்லாம் விட்டபடியே இருக்கணும்லா?”

மழையில் நனைந்தபடி மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நியாயம்தான். பூதத்தானே கேமராவைப் பைக்குள் வைத்தான். மழை பெய்து ஓய்ந்தது.

குத்தாலிங்கத்துக்குத்தான் திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. போனை எடுத்துத் தென்மலைக்கு அடித்தான். பிரசீதாதான் எடுத்தாள்.

“தங்கச்சி, கல்யாணத்துக்கு அதே பச்சைச் சேலை. அதே தட்டு, பாதி கொட்டுன காபி. அதெல்லாம் சமாளிச்சிரலாம். ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லும்மா. இசக்கி கடிச்சு வெச்ச மீதிப் பழம்பொரியை யாரும் தூக்கிப் போட்டுறலையே?”