நான்கு குரலும் ஒரு பெஞ்சும்

பாளையங்கோட்டையில் ஓர் ஆலயப் பாடகர் குழு. சீடர் வேதமாணிக்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. அவருக்கு இசை கற்றுத்தந்த ஹெப்சிபா டீச்சருக்கு முப்பத்து நான்கு. மனுஷன் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு, மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் வேதாகமச் சங்கீதத்தின் ஆங்கிலச் செய்யுள் வடிவத்துக்கு நான்கு குரலில் மெட்டமைத்தார். வாத்தியமே கிடையாது, வெறும் குரல்.

அங்கேதான் வந்தது வினை. தொடங்கிய சுருதி, நான்காம் சரணத்தில் அரைச் சுரம் கீழே கிடந்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் இதே கதை.

"ஞாயித்துக்கிழமையும் இறங்கினா, ஆர்மோனியம் வெச்சு வேற பாட்டு பாடிருவோம்" என்றார் போதகர். ஒரு வருஷ உழைப்பு. வேதமாணிக்கத்துக்குச் சோறு செல்லவில்லை.

"கண்ணு மலைக்கு ஏறுது, குரலு பள்ளத்துக்குப் போகுதே. ஏன் டீச்சர்?"

ஹெப்சிபா, அவரையும் சேர்த்து ஆறு பேரை ஆலயத்தின் நீள பெஞ்சைத் தூக்கச் சொன்னாள்.

"நான் கை தட்டினா எல்லாரும் கீழ வெச்சு மூச்சு வாங்கிட்டு, மறுபடி தூக்கணும்."

நான்கு முறை தட்டினாள். முதலில் இடுப்பு வரை வந்த பெஞ்சு, கடைசியில் முழங்காலைத் தாண்டவில்லை.

"இப்ப பலிபீடம் வரைக்கும் தூக்கிட்டுப் போங்க. நடுவுல ஒவ்வொருத்தரா கையை எடுத்துக்கிடுங்க. மத்தவங்க பிடிச்சுக்கிடுங்க."

வேதமாணிக்கமும் தன் முறைக்குக் கையெடுத்து வேர்வை துடைத்தார். பெஞ்சு பலிபீடம் வரை ஜம்மென்று போனது.

அவர் தான் மெட்டெழுதிய தாளைப் பார்த்தார். ஒவ்வொரு வரி முடிவிலும் நான்கு குரலுக்கும் ஒரே நேரத்தில் மூச்சுக்கு இடம் விட்டிருந்தார், ஆபீஸ் மதிய இடைவேளை மாதிரி. வெட்கமாகப் போய்விட்டது. ரப்பரை எடுத்து அழிக்க உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குரல் மூச்சு வாங்க, மூன்று குரல்கள் பாட்டைத் தாங்கின. சரணத்துக்குச் சரணம் பாட்டு நிமிர்ந்தது. முடிந்ததும் ஹெப்சிபா சுருதிக் குழலை எடுத்து ஊதினாள். இம்மி பிசகவில்லை! போதகரே எழுந்து நின்று கைதட்டினார். ஆலயமே சந்தோஷத்தில் அதிர்ந்தது.

வேதமாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"டீச்சர், கடைசி வரியில எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துட்டு. நான் பாடவே இல்லையே!"

ஹெப்சிபா சிரித்தாள்.

"நீங்க கையெடுத்தப்ப பெஞ்சு இறங்கிச்சா, அண்ணாச்சி?"