வேவுக் கப்பலின் பண்டாரி

கொழும்பிலிருந்து திரும்பிய தோணி தூத்துக்குடித் துறையில், கரையைவிட்டுத் தள்ளி ஒரு கம்பத்தில் கட்டப்பட்டு நெடுநேரமாகியும், அதில் வந்தவர்கள் காப்பிக்கடையை விட்டு அசையவில்லை. காரணம் எளியது. பாதிரியார் தீர்த்தம் தெளித்து, முதலாளி மதலேனம்மாள் தம் கையாலேயே மாலை சூட்டி அனுப்பிய புத்தம்புது நங்கூரம், கொழும்புத் துறையின் அடியில் கிடந்தது. கயிற்றின் நுனியை இன்னாசி தோணியில் கட்டியிருப்பார் என்று தோணியின் தலைவரான தண்டல் சூசை நினைத்தார். தண்டலே கட்டியிருப்பார் என்று மாலுமி இன்னாசி நினைத்தார். பண்டாரி கஸ்பாரோ, சமைப்பவனுக்குக் கயிற்றோடு என்ன உறவு என்று நினைத்தபடியே நங்கூரத்தைத் தூக்கி எறிந்தார். நங்கூரம் போயிற்று. பின்னாலேயே கயிறும் போயிற்று.

இதை அம்மாளிடம் யார் சொல்வது? பாய் கிழிந்த செய்தியைச் சென்ற ஆண்டு கொண்டுபோனவர், இன்று உப்பளத்தில் மண்வெட்டியோடு நிற்கிறார். தம் சமையலை நம்பி வேறெந்தத் தோணியும் தம்மை ஏற்றாது என்பதைக் கஸ்பார் நன்கறிவார். ஆகவே, மற்ற இருவரின் பார்வையும் தம் பக்கம் திரும்புமுன் கதையைத் தொடங்கிவிட்டார்.

“பயமாவது ஒண்ணாவது! ஜெர்மன்காரன் சண்டைக் கப்பல்லே நான் பாக்காத பயமா? மொத உலகச் சண்டை மூண்ட அன்னைக்கு எங்க கரிக்கப்பல் ஹாம்பர்க்குலே மாட்டிக்கிட்டு. என்னைப் பிடிச்சு வேவுப் பிரிவுலே பண்டாரியாப் போட்டுட்டான். வேவுப் பிரிவுன்னா என்ன தெரியுமா? பெரும்படை பின்னாலே மறைஞ்சு நிக்கும். நாங்க முன்னாலே போயி எதிரி கண்ணுலே படணும். அவன் துரத்துவான். நாங்க திரும்பி ஓடி, அவனைப் பெரும்படை வாயிலே கொண்டாந்து விடணும்.”

“ஓடுறதுதான் வேலையா, அண்ணாச்சி?” என்றார் இன்னாசி.

“பின்னே எதுக்கு என்னைத் தேடிப் பிடிச்சான்? வட கடல்லே ஒருநாள் ஒரே மூடுபனி. எதிரியைக் காணோம். தளபதி தலையிலே கையை வச்சிட்டான். நான் ஒரு சட்டி நெத்திலிக் கருவாடு வறுத்தேன் பாரும், இங்கிலீஷ்காரன் கப்பலெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு, யார்ரா அதுன்னு கேட்டுக்கிட்டே வந்துட்டு!”

தண்டல் தம்மையறியாமல் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“வந்தவன் சுட்டான். எங்க பொறி நின்னுபோச்சு. எனக்கோ முழங்கால் ரெண்டும் தடதடன்னு ஆடுது. பொறிக்காரன் ஓடிவந்து, என் காலுக்கும் சுக்கானுக்குப் பக்கத்துலே இருக்கிற விசிறிக்கும் வாரைப் போட்டு மாட்டிட்டான். நான் நடுங்க நடுங்கக் கப்பல் பறக்குது! பயம் குறைஞ்சா வேகம் குறையுதுன்னு, பக்கத்துலே ஒருத்தன் நின்னு என்னைப் பயங்காட்டிக்கிட்டே வந்தான்.”

“நடுக்கம் நிசமா இருக்கும்” என்றார் தண்டல்.

“கேளும் வே! அதுக்குள்ளே ஒரு குண்டு வந்து, கோயில் வாசல் அகலத்துக்கு ஓட்டை போட்டுட்டு. தண்ணி பாயுது. நான் என்ன செஞ்சேன்? காலையிலே அவிச்ச இட்டிலியை அள்ளி அடைச்சேன். அடுத்த குண்டு வந்து இட்டிலியிலே பட்டு, சுட்டவன் கப்பலுக்கே திரும்பிப் போயிட்டு!”

“இதை முழுசா நம்புதேன். தோணி இறக்கின அன்னைக்கு உம்ம இட்டிலியைக் கடிச்சு முதலாளியம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லு போச்சே!” என்றார் தண்டல்.

கஸ்பார் அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டார்.

“சண்டையிலே தோத்தப்புறம் எங்க கப்பலையெல்லாம் இங்கிலீஷ்காரன் அவன் துறையிலே காவல் வச்சான். அவன் கையிலே விடாதீங்க, முக்கிடுங்கன்னு எங்க தளபதி உத்தரவு போட்டான். அம்மாம் பெரிய கப்பலை எப்படி முக்குறதுன்னு எல்லாரும் முழிக்காங்க. நான் போயி இட்டிலியை உருவிட்டேன்.”

இன்னாசிக்குக் காப்பி புரையேறிற்று. தண்டல் மட்டும் சிரிக்கவில்லை.

“முன்னாலே போவணும், கண்ணுலே படணும், திரும்பி ஓடியாரணும். அப்படித்தானே வே? உமக்குப் பழகின வேலை. எந்திரியும். நாங்க பெரும்படை, இங்கனயே இருக்கோம்.”

கதையை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கவேண்டும் என்று எண்ணிப் பார்த்தபடியே கஸ்பார் நடந்தார். சரக்குக் கிட்டங்கி வாசலில் மிளகாய் இடிப்பதை மேற்பார்த்து நின்றிருந்தார் மதலேனம்மாள். “அம்மா, நங்கூரம்…” என்ற இரண்டு சொற்களே போதுமாயிருந்தன. அம்மாள் உலக்கையை வாங்கினார். கஸ்பார் திரும்பினார்.

அப்படி ஒரு ஓட்டத்தை வட கடலும் கண்டிராது. வேவுப் பிரிவின் விதி பிசகாமல், எதிரியை நேரே காப்பிக்கடைக்கே கொண்டுவந்து சேர்த்தார். அங்கே பலகை காலியாயிருந்தது. இரண்டு தம்ளர்களில் ஆவி பறந்தது. துறையில் இரண்டு தலைகள் தோணியை நோக்கி நீந்திக்கொண்டிருந்தன.

“இது கதையிலே இல்லையே!” என்று கஸ்பார் கூவினார்.

மதலேனம்மாள் உலக்கையை ஊன்றி மூச்சுவாங்கினார். கஸ்பாரை மேலும் கீழும் பார்த்தார். கையைத் தம் பல் போன கன்னத்தில் வைத்துச் சற்றே யோசித்தார். பிறகு தண்ணீரில் இருந்த தலைகளுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“ஏ சூசை! இனி நங்கூரம் வாங்கித் தரமாட்டேன். அடுத்த நடைக்கும் இவனையே கூட்டிக்கிட்டுப் போ. இவன் அவிக்கிற இட்டிலியிலே ஒண்ணைக் கயித்துலே கோத்து இறக்கு, தோணி அசையாது. மறு நுனியையாவது தோணியிலே கட்டித் தொலைங்க!”