சாட்சி சொல்ல வந்த தேனீக்கள்

கருக்கம்பாளையத்தில் ஊர்த்தலைவர் நாச்சிமுத்து வைத்ததுதான் சட்டம். அவர் கடையில் விற்பதுதான் பூச்சிமருந்து. ஊர் முருங்கைத் தோட்டம் முழுக்க அதை அடிக்க ஆளும் சொல்லிவிட்டார்.

'நஞ்சில்லா நிலம்' சங்கத்துக்குச் சுவரொட்டி ஒட்டும் மயிலாத்தாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்தாள். "மருந்தடிச்சாத் தேனீ செத்துப்போகுமுங்க. அப்புறம் பூ எப்படிங்க காய்க்கும்?"

தலைவர் மீசையை நீவினார். "என் மருந்து தேனீயை ஒண்ணும் பண்ணாது அம்மிணி. பண்ணுதுன்னா அந்தத் தேனீயே நாளைக்கு வந்து சாட்சி சொல்லட்டும். வரலைன்னா மருந்துதான்!"

ஊரே சிரித்தது. மயிலாத்தாளுக்குக் காது சிவந்தது. ஆனாலும், "கூட்டிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஊர்க்கூட்டத்துக்குச் சங்கத்தின் தேன்பெட்டியோடு வந்தாள். "முன்னாடி உங்க மருந்துல செத்தவங்களால வர முடியலீங்க. சொந்தக்காரங்க வந்திருக்காங்க" என்று தலைவரின் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

ஙொய்யென்று கிளம்பியதில் முதல் சாட்சி தலைவரின் மூக்கிலேயே கொட்டியது. துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறக்க, மேசைக்கடியில் புகுந்து அலறினார். "டேய், கடையிலிருந்து மருந்தை எடுத்துட்டு வந்து அடிங்கடா! ஒண்ணு விடாம செத்துத் தொலையட்டும்!"

மயிலாத்தாள் குனிந்து பார்த்தாள். "உங்க மருந்துதான் தேனீயை ஒண்ணும் பண்ணாதுங்களே?"

ஓடி ஒளிந்த சனம் ஒளிந்த இடத்திலிருந்தே சிரித்தது. வேறு வழியில்லாமல் தலைவர், வீங்கி அடைத்துக்கொண்ட மூக்கோடு உத்தரவு போட்டார்: "பருந்து அடிக்க வேண்டாப்!"

சனம் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது.

"மருந்துங்கறாருங்க" என்றாள் மயிலாத்தாள்.