வெட்டாமல் விட்ட தூண்

“அம்மா, எனக்கு அலுத்துப் போச்சு,” என்றார் ஆவுடையப்பன்.

காத்தாயி கம்பங்கூழைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எது அலுத்துச்சு அண்ணாச்சி? கூழா, குருவா?”

“எல்லாந்தான்.”

சீடருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பத்தாறு. ஊர் ஒழுங்குக்கு இது ஒத்துவராதுதான். ஆனால் இருவரும் இருந்தது ஊரில் இல்லை. ஊரார் கைவிட்ட ஈயச் சுரங்கத்தின் முதல் அறையில்.

அந்தச் சுரங்கத்தின் கதை பெரிது. மலை ஒரு காலத்தில் கொட்டாவி விட்டதாம். வாய் திரும்ப மூடவில்லை. அடியிலிருந்து கொதிக்கும் தண்ணீர் அந்தப் பிளவு வழியே ஏறி வந்தது. பாதி வழியில் களைத்துப்போய், சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது.

வெண்பளிங்கு கொஞ்சம். பொன் மாதிரி மினுக்கி ஆளை ஏமாற்றும் மஞ்சள் கல் கொஞ்சம். நடுவில் ஈயக்கல்.

ஈயக்கல்லை உடைத்தால் சதுரம் சதுரமாக உடையும். அந்தச் சதுரத்தை உடைத்தால் குட்டிச் சதுரம். கனமோ கனம். அதில் ஒரு துணுக்கை விழுங்கிய காக்கை பறக்க முடியாமல் வீட்டுக்கு நடந்தே போனது. பஸ்ஸில் போனது என்பவர்களை நம்ப வேண்டாம்.

வெள்ளி அந்த ஈயத்துக்குள் ஒளிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணத்தில் வைத்து உருக்க வேண்டும். ஈயத்தைச் சாம்பல் குடித்துவிடும். கடைசியில் கடுகளவு வெள்ளி கண் விழிக்கும்.

காத்தாயி சின்ன வயதில் அங்கே கல் சுமந்தவள். கல் தீர்ந்ததும் எல்லோரும் போனார்கள். அவள் போகவில்லை. ஊரார் சாமி என்றார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. மறுப்பதற்கும் சோம்பல்.

மூன்று வருஷமாக அவள் ஆவுடையப்பனுக்குச் சொல்லிக்கொடுத்த வேதம் ஒன்றுதான். காலையில் எழுந்ததும் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்ட வேண்டும். மணி மாதிரி கேட்டால் உட்காரலாம். விரிசல் விட்ட பானை மாதிரி கேட்டால் வெளியே ஓட வேண்டும்.

அவர் தட்டினார். தினமும் மணிதான் கேட்டது. ஞானம் கேட்கவில்லை.

“கடுதாசி வந்திருக்கு,” என்றார் அவர்.

“யாரு?”

“கடைசித் தம்பி பெண்டாட்டி. தம்பிங்க வீட்டைப் பிரிச்சுக் கூடத்துல குறுக்குச் சுவர் எழுப்பப் போறாங்களாம். செங்கல் வந்து இறங்கிருச்சாம். பெரியத்தான் ஒரு தடவை வந்து நின்னாப் போதும்னு எழுதியிருக்கு.”

“போக வேண்டியதுதானே.”

“நின்னாப் போதுமாம். மாடுகூடத்தான் நிக்கும்.”

காத்தாயி கூழை அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

“அப்பா போனப்புறம் நாப்பது வருஷம் அந்த வீட்டுல இருந்தேம்மா. ஒரு தம்பி டாக்டர் ஆனான். ஒருத்தன் கப்பல்ல போனான். ஒருத்தன் மேடையேறிப் பாடுறான். ஒவ்வொருத்தனும் வெளிய போய் மினுங்குறான். நான் மட்டும் போட்ட இடத்துலயே கிடந்தேன். எடுத்துப் பாக்க என்கிட்ட எதுவும் இல்ல போல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இங்க வந்தேன். வந்தும் இல்ல.”

“சரி.”

“வெறுங்கையோட போய் அந்தக் கூடத்துல நிக்க மாட்டேன். இந்தச் சுரங்கத்துல கடுகளவு வெள்ளியாவது காட்டுங்க. போறேன். இல்லன்னா இங்கயே கிடந்து சாகுறேன்.”

“வெள்ளிதானே,” என்றாள் காத்தாயி. “ஒரே ஒரு இடத்துல இருக்கு. நீங்க அதுலதான் சாஞ்சு உக்காந்திருக்கீங்க.”

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார்.

அறையின் நடுவில் ஒரு தூண். கட்டிய தூண் இல்லை. சுற்றிலும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் மலையோடு மலையாக விட்டிருந்தார்கள். மூன்று வருஷமாக அதில் முதுகு தேய்த்திருக்கிறார். முழங்கையால் தூசியைத் துடைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாகப் பளபளத்தது.

“இது பூராவுமா?”

“பூராவுந்தான். இந்தச் சுரங்கத்துலயே நல்ல கல்லு அது.”

“போனவங்க தண்டவாளத்தைப் பிடுங்கிட்டுப் போனாங்க. காவக்காரன் உக்காந்த முக்காலியைக்கூட விடல. இதை மட்டும் ஏன் விட்டாங்க?”

“மறந்திருப்பாங்க.”

“முட்டாப் பசங்க.”

“இருக்கும்,” என்றாள் காத்தாயி. “உளி அந்த மூலையில கிடக்கு. சுத்தியலும் இருக்கு.”

அவள் பாயை எடுத்துவந்து தூணுக்குப் பக்கத்திலேயே விரித்தாள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள்.

“ராத்திரி பூரா உங்க குறட்டை. முடிச்சுட்டு எழுப்புங்க.”

ஆவுடையப்பன் வெட்டினார். மூன்று வருஷச் சலிப்பும் நாற்பது வருஷச் சலிப்பும் கைக்கு வந்தன. பத்தாவது அடியில் தேங்காய் அளவு கல் ஒன்று பெயர்ந்து மடியில் விழுந்தது. எழ முடியவில்லை, அவ்வளவு கனம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

மேலேயிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. கூழில் விழுந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பழக்கதோஷம், கம்பியை எடுத்துக் கூரையைத் தட்டினார்.

விரிசல் விட்ட பானை.

இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் பானை.

“அம்மா.”

பாயின் ஓரத்தைத் தட்டினார்.

“அம்மா, எந்திரிங்க. சத்தம் மாறிப்போச்சு.”

“வெள்ளி வந்துச்சா?” முந்தானைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“வெளிய வாங்கம்மா, சொல்றேன்.”

“எனக்கு அலுப்பா இருக்கு அண்ணாச்சி. நீங்க வெட்டுங்க. இன்னும் நிறைய இருக்குல்ல.”

மறுபடி மண் உதிர்ந்தது. இந்தத் தடவை அவள் காலடியில்.

ஆவுடையப்பன் வாசலைப் பார்த்தார். பத்தே எட்டு வைத்தால் போதும். வேதப்படி ஓட வேண்டும். பாயைப் பார்த்தார். தூணைப் பார்த்தார்.

மடியிலிருந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கி, பெயர்ந்த குழியிலேயே திரும்ப வைத்தார். அது உட்காரவில்லை. திருப்பி வைத்தார். சந்தில் சில்லுகளைச் செருகிச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். பிறகும் நம்பிக்கை வராமல் முதுகைக் கொடுத்துக் காலை ஊன்றி நின்றார். வியர்வை வேட்டியை நனைத்தது.

ரொம்ப நேரம் அப்படியே நின்றார்.

மண் உதிர்வது நின்றது.

கையை எட்டிக் கம்பியை எடுத்து மெல்லத் தட்டினார். மணி என்று சொல்ல முடியாது. பானை என்றும் சொல்ல முடியாது.

தலைக்கு மேலே எவ்வளவு மலை இருக்கிறது என்பது அப்போதுதான் அவர் முதுகுக்குத் தெரிந்தது. தூண் அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

காத்தாயி முந்தானையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கூழில் விழுந்த மண்ணை விரலால் எடுத்துப் போட்டாள்.

“எங்க வெள்ளி?”

ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்த கடுதாசியை எடுத்தார். கண்ணாடி இல்லாமலே ஒரு வரியை மட்டும் திரும்பப் படித்தார். மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

“மூணரை மணி பஸ்சு இப்பவும் வருதாம்மா?”

“வரும். எங்க?”

“வீட்டுக்கு.”

“வெறுங்கையோடவா? போய் என்ன பண்ணப் போறீங்க?”

அவர் தூணிலிருந்து முதுகை மெல்ல எடுத்தார்.

“நிக்கணும்.”