ஓய்ந்த கிளை

கொடிகளில் அரசர்கள் மீனையும் புலியையும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சேந்தன் என்றொரு நெசவாளி இருந்தான். அவனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், கேளுங்கள்.

சேந்தனுக்கு அடுத்த வீடு ஆவுடை என்பவளுடையது. அவளும் நெசவுக்காரிதான். தறியில் ஏற்றுமுன் நூலைத் தெருவில் நீளமாக விரித்துக் கஞ்சி தோய்ப்பார்கள். அதற்குப் பாவு என்று பெயர். ஒரு தலைப்பை ஒருவர் பிடித்தால் மறு தலைப்பை இன்னொருவர் பிடிக்க வேண்டும். அவன் பாவுக்கு அவள் வருவாள். அவள் பாவுக்கு அவன் போவான். இருபது ஆண்டுகளாக அப்படித்தான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு புளியமரம், இரண்டு வீட்டுக்கும் பொது. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அதில் கத்தி வைப்பதில்லை. அந்த ஆண்டு தெருப்பக்கம் நீண்ட கிளையில் கொக்குகள் கூடு கட்டின. குஞ்சு பொரித்ததும் விடியலிலிருந்து அந்திவரை ஒரே கூச்சல்.

அந்தச் சமயம் பார்த்துக் கோயில் திருவிழாவுக்குக் கொடித்துணி நெய்யும் பேறு சேந்தனுக்குக் கிடைத்தது. அவன் தகப்பன் கேட்டும் கிடைக்காதது அது. துணியில் மாசு இருக்கக் கூடாது. முதல் நாள் பாவின்மேல் எச்சம் விழுந்தது, கழுவினான். இரண்டாம் நாளும் விழுந்தது, கழுவினான். மூன்றாம் நாளும் விழுந்தபோது அரிவாளை எடுத்துக்கொண்டு ஆவுடை வாசலுக்குப் போனான்.

"அக்கா, அந்தக் கிளையை இறக்கிவிடுகிறேன். கூச்சல் வேறு தாங்க முடியவில்லை."

"நீ பிறந்தபோது இந்தத் தெருவே காதைப் பொத்திக்கொண்டது, தம்பி. உன்னை யாராவது தொட்டிலோடு இறக்கினார்களா?"

சேந்தனுக்கும் சிரிப்பு வந்தது. "அப்படியானால் என் கொடி?"

"திருவிழாவுக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. குஞ்சுகள் பறந்துவிட்டால் சத்தம் தானே ஓயும். ஓய்ந்த பிறகு வெட்டிக்கொள். அதுவரை பொறு."

"சரி அக்கா. ஓயட்டும்."

மறுநாள் ஆவுடை தன் தங்கையின் பிரசவத்துக்காக வெளியூர் போனாள்.

சேந்தன் சொன்ன சொல்லை மீறவில்லை. கிளையைத் தொடவில்லை. முதல் நாள் மரத்தடியில் நின்று வெண்கலத் தட்டை அடித்தான். இரண்டாம் நாள் வேப்பஞ்சருகைக் குவித்துப் புகை போட்டான். மூன்றாம் நாள் கவண்கல்லை வானத்தைப் பார்த்து வீசினான். எந்தப் பறவைமேலும் கல் படவில்லை. அதில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. பெரிய கொக்குகள் ஆற்றுக்கு அப்பால் போனவை திரும்பவில்லை.

நான்காம் நாள் காலை மரம் ஓய்ந்திருந்தது.

அடிமரத்தில் காதை வைத்துக் கேட்டான். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பறந்துவிட்டன என்றே நினைத்தான். உண்மையாகவே அப்படி நினைத்தானா என்று பின்னாளில் தன்னையே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டான்.

கிளை விழுந்தது. கிளையோடு ஏழு கூடுகள் விழுந்தன. கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. இரைக்குக் கத்தும் குஞ்சுகள், இரை கொண்டுவரத் தாய் இல்லாதபோது கத்தவில்லை, அவ்வளவுதான். பாதி விழுந்த வேகத்தில் செத்தன. மீதி சத்தமில்லாமல் வாயைத் திறந்தன. சேந்தன் ஆற்றுக்கு ஓடிக் கெண்டைக்குஞ்சு பிடித்து வந்தான். அவன் விரலிலிருந்து வாங்கித் தின்ன அவற்றுக்குத் தெரியவில்லை. பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்தது.

ஆவுடை திரும்பி வந்து, தெருப்பக்கம் மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்தாள்.

"சத்தம் ஓய்ந்துவிட்டது, அக்கா. அதனால்தான்…" என்றான் சேந்தன்.

"தானாகவா ஓய்ந்தது, தம்பி?"

அவன் தறிக்குத் திரும்பிப் போனான்.

கொடித்துணி மாசில்லாமல் அமைந்தது. குருக்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொடி ஏறியபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. சேந்தன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருவிழா முடிந்து அவன் அடுத்த பாவை விரித்தபோது, மறு தலைப்பைப் பிடிக்க யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தான். ஆவுடை வந்தாள். தலைப்பைப் பிடித்தாள், கஞ்சி காயும்வரை நின்றாள், போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கிளை போன இடத்தில் வெயில் இறங்கி நூல் படபடவென்று அறுந்தது. அதையும் இருவருமாகக் குனிந்து முடிந்தார்கள்.

அதன்பின் பல ஆண்டுகள் அவள் அப்படியே வந்தாள், அப்படியே போனாள். கொக்குகள் வரவில்லை. அவள் மன்னித்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளச் சில நாள் சேந்தனுக்கு ஆசை வரும். ஆனால் ஓய்ந்த மரத்தடியில் ஒருமுறை காது வைத்துக் கேட்டவன் அவன். அந்தப் பேசாமைக்கு அவனாக ஒரு பொருள் சொல்லத் துணியவில்லை.

ஆகவே, கேட்டவர்களே, நாம் அடக்கிவிட்ட குரலை இல்லாத குரல் என்று எண்ணக் கூடாது.