பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு பக்கம்

திண்டுக்கல்லில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் கோகிலவாணி என்றொரு குரு இருந்தாள். வயது முப்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ. இணையப் பக்கம் கட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். காவி கிடையாது; தாடிக்கும் வழியில்லை. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டாள் என்ற ஒரு லட்சணத்தை வைத்துத்தான் ஊர் அவளைக் குரு என்று ஒப்புக்கொண்டது.

அவளிடம் படித்தவர்களில் வயதில் மூத்தவர் சௌந்தரபாண்டி. ஐம்பதைத் தாண்டியவர். அதுவரை கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர். அவர் பத்திரிகை என்றால் மேலே பிள்ளையார், இரு பக்கமும் மயில், அடியில் தாமரை, நடுவில் இரு வீட்டுப் பெரியவர்களும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். முகூர்த்த நேரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு பத்திரிகையைப் படித்து முடிப்பதற்குள் அந்தத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து காதும் குத்திவிட்டார்கள். இல்லை, மொட்டை மட்டும்தான் போட்டிருந்தார்கள், காது குத்தவில்லை என்று சொல்கிற கட்சியும் உண்டு.

அவர் கட்டிய முதல் இணையப் பக்கம் சந்தியாகுவுக்கு.

சந்தியாகு சாவிக்காரர். பேருந்து நிலையத்தை ஒட்டி, ஒரு பெரிய குடையின் கீழ் அவர் கடை. சாவி தொலைந்த பூட்டின் காதில் குனிந்து ஏதோ சொல்வார். அது வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறந்துவிடும். ஆனால் இப்போதெல்லாம் கதவு பூட்டிக்கொண்டவர்கள் குடையைத் தேடி வருவதில்லை. வாசலில் நின்றபடியே கைபேசியைத் தேடச் சொல்கிறார்கள். அது வேறு யாரையோ காட்டுகிறது. அதற்காகத்தான் அவருக்கு ஒரு பக்கம். பக்கம் வந்து பல வாரம் ஆகியும் போன் மட்டும் அடிக்கவில்லை.

ஒருநாள் மாடியேறி வந்து, இந்த மாதம் முடிந்ததும் கடையைக் கட்டிவிட்டுத் திருப்பூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போகப்போவதாகச் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை.

“ஊர்க் கதவையெல்லாம் திறந்துவிட்டவன், ஒரு கேட்டைப் பூட்டிக்கிட்டு உட்காரப் போறேன் பாண்டி.”

சௌந்தரபாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் வந்து குருவின் எதிரில் உட்கார்ந்தார்.

“டீச்சர், பக்கம் அழகா இல்லையா?”

“அழகா இருக்குண்ணே.”

“அப்ப ஏன் தேடினா வரமாட்டேங்குது?”

குரு பெரிய கணினித் திரையைப் பார்த்தாள். பிள்ளையார் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். சந்தியாகு, அந்தோணியாரையும் போட்டிருக்கலாமே என்று தயங்கிக் கேட்டதால் அடுத்து அந்தோணியார். பிறகு மயில்கள், பிறகு ‘திறவுகோல் வித்தகர்’ என்ற பட்டம். எழுத்து நெளிவு சுளிவோடு விழ வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே படமாக வரைந்து ஏற்றியிருந்தார் சௌந்தரபாண்டி. பக்கம் திறந்தால் நாதஸ்வரமும் வாசிக்கும்.

“வாங்கண்ணே, டீ குடிக்கலாம்” என்றாள் குரு.

டீ ஏற்கனவே வெளியே படிக்கட்டு முனையில் வந்திருந்தது. சௌந்தரபாண்டி வெளியே வந்ததும் குரு பின்னால் கையை விட்டுக் கதவை இழுத்தாள். டக் என்றது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே மேசைமேல். சௌந்தரபாண்டியின் மூக்குக் கண்ணாடியும் அதற்குப் பக்கத்திலேயே.

அவர் பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். சந்தியாகுவைக் கூப்பிட்டால் ஆயிற்று என்றார்.

“உங்களுக்குச் சந்தியாகுவைத் தெரியாதே” என்றாள் குரு. “நீங்க பழனிக்குப் போற வழியில இங்க தங்கின வெளியூர்க்காரர். ரூம் பூட்டிக்கிச்சு. இந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாது.”

அவருக்குப் புரிந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று திண்டுக்கல் திறவுகோல் வித்தகர் என்று தட்டப்போனார். வெயிலில் திரையும் தெரியவில்லை, கண்ணாடி இல்லாமல் எழுத்தும் தெரியவில்லை. கடைசியில் வாயாலேயே சொன்னார். உச்சந்தலை காய்கிற நேரத்தில் அவர் வாயில் வித்தகர் வரவில்லை.

“கதவு பூட்டிக்கிச்சு. திறக்க ஆள் வேணும்.”

முதலில் வந்தது வேடசந்தூர்க்காரர் ஒருவருடைய பக்கம். வெள்ளையாக, மயிலின் இறகுகூட இல்லாமல், சொல்லப்போனால் சாவுச் செய்தி மாதிரி இருந்தது. ‘கதவு பூட்டிக்கிச்சா? சாவி உள்ளே இருக்கா? கூப்பிடுங்க’ என்று பெரிய எழுத்து. கீழே கட்டைவிரலுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு பொத்தான். சௌந்தரபாண்டியின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலே அங்கே போனது. தோசைக் கல்லைத் தொட்டவர் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

தன் பக்கத்தை அதற்குமேல் எவ்வளவு தள்ளியும் காணவில்லை. முகவரி மனப்பாடமாகத் தெரிந்ததால் தட்டுத்தடுமாறி அதையே அடித்தார்.

முதலில் தும்பிக்கை மட்டும் வந்தது. தொப்பை வருவதற்குள் டீ ஆறிவிட்டது. அந்தோணியார் பாதி வந்துகொண்டிருக்கும்போது நாதஸ்வரம் பிடித்துக்கொண்டது. அதை எங்கே நிறுத்துவது என்று கட்டியவருக்கே தெரியவில்லை. கீழே டயர்க் கடையில் யாரோ, மேல யாருக்குய்யா கல்யாணம் என்று கேட்டார்கள்.

தாமரைக்கும் அடியில், கடுகு மாதிரி, சந்தியாகுவின் எண் இருந்தது. மூன்றா எட்டா தெரியவில்லை. விரலால் விரித்தால் எண் திரையை விட்டு ஓடியது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அது எண்ணின் படம். பிடித்து இழுத்தால் மறுபடி பிள்ளையாரிடம் கொண்டுபோய் விட்டது.

சௌந்தரபாண்டி படியில் உட்கார்ந்தார்.

“இதையா டீச்சர் அந்த மனுசன்கிட்ட குடுத்தேன்?”

குரு மிச்ச டீயைக் குடித்தாள். தன் கைபேசி உறையைக் கழற்றி, பின்னாலிருந்த இன்னொரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து மின்விசிறிக் காற்று முகத்தில் அடித்தது. சௌந்தரபாண்டி அப்பாடா என்று சொன்ன சத்தம் பேருந்து நிலையம்வரை கேட்டிருக்கும்.

“சாவி உங்ககிட்டதான் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“முன்னாடியே குடுத்திருக்கலாமே?”

“வெளியூர்க்காரர்கிட்ட இருக்காதேண்ணே.”

அன்று மாலைவரை சௌந்தரபாண்டி உள்ளே வரவேயில்லை. அதே படிக்கட்டு முனையில், அதே வெயிலில், கண்ணாடி போடாமல், கைபேசியைப் பார்த்துப் பார்த்துப் பக்கத்தை மாற்றினார். குரு உள்ளேயிருந்து அவர் சொல்கிறபடி கணினியில் தட்டினாள். மயில்கள் பறந்து போயின. தாமரை வாடியது. நாதஸ்வரக்காரருக்கு மரியாதை செய்து வழியனுப்பினார். தேடல் இயந்திரம் படிக்க முடியாதபடி படமாக இருந்த எழுத்தெல்லாம் நிஜ எழுத்தானது. வித்தகர் போய், ‘கதவு பூட்டிக்கிச்சா? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தியாகு வருகிறேன்’ என்று அவரே வந்து நின்றார். அடுத்த வரியிலேயே எண், தொட்டால் அழைக்கிற மாதிரி, முறுக்கு அளவுக்கு. பிள்ளையாரையும் அந்தோணியாரையும் மட்டும் எடுக்கக் கை வரவில்லை. கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்தார்.

ஆனாலும் போன் அடிக்கவில்லை. புதிய பக்கத்தைத் தேடல் இயந்திரம் வந்து பார்த்துப் படிக்கவே நாளாகும், பொறுங்கள் என்றாள் குரு. மாதம் பொறுக்கவில்லை. கடைசி நாளன்று சந்தியாகு தோளில் ஒரு பையோடு வந்தார். சாயங்கால பஸ்ஸில் திருப்பூர். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன், பாண்டி மேல் வருத்தமெல்லாம் இல்லை, என் நேரம் அப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். சௌந்தரபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சந்தியாகுவின் சட்டைப் பை அதிர்ந்தது.

எடுத்தார். அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கிற குரலில் ஒரு பெண். கதவு காற்றில் சாத்திக்கொண்டதாம். அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு குக்கர் விசிலடிப்பதும் கேட்டது.

“என் நம்பர் எப்படிம்மா கிடைச்சுது?” என்றார் சந்தியாகு.

“போன்ல கதவு பூட்டிக்கிச்சுன்னேன், நீங்க வந்தீங்க.”

சந்தியாகு தெருப்பெயர் கேட்டார். அடுத்த விசிலுக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். பையை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடினார். வாசலில் சௌந்தரபாண்டியின் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பாதிப் படியில் அவர் போன் மறுபடியும் அடித்தது. இருங்கண்ணே, இருங்கண்ணே, ஒவ்வொருத்தரா என்று அவர் யாரிடமோ சொல்வதும், சொல்லும்போதே சிரிப்பதும் மேலே கேட்டது.

சௌந்தரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை மாதிரிதான் இருந்தது. திருப்பூர்ப் பையை எடுத்து ஓரமாக வைத்தார். மனசு லேசானதும் பழைய உறுத்தல் ஒன்று எட்டிப் பார்த்தது.

“டீச்சர், எல்லாம் சரி. பிள்ளையாரையும் அந்தோணியாரையும் எடுத்துட்டோமே. ஓரமா, சின்னதாவாவது வெச்சிருக்கலாமில்ல?”

குரு அடுத்த டீக்குக் கீழே குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“கதவு திறந்ததும் அவங்கவங்க சாமியை அவங்கவங்களே கும்பிட்டுக்குவாங்கண்ணே.”